நெடுநாள் பயிற்சியாளருக்கு எப்போது விடைகொடுப்பது? கால்பந்து அணியின் பழுதை அறிகுறி வாரியாகக் கண்டறியும் வழிமுறை

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே தலைமைப் பயிற்சியாளரின் கீழ் ஆடிவரும் அணி தடுமாறத் தொடங்கும்போது, கிளப் நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறைச் செய்கின்றன. நான்கு தோல்விகளைக் கண்டு பதறி, அணியை உருவாக்கியவரையே அனுப்பிவிட்டு, அடுத்து வருபவர்களை மாற்றிக்கொண்டே சில ஆண்டுகளைத் தொலைப்பது ஒன்று. நன்றிக்கடனாலும், அடுத்து யார் என்ற அச்சத்தாலும் முடிவைத் தள்ளிப்போட்டு, அணியும் கெட்டு அவருடைய பெயரும் கெடும்வரை காத்திருப்பது மற்றொன்று. இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் 22 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த ஆர்சென் வெங்கரின் கடைசி ஆண்டுகளை வாரந்தோறும் மனவேதனையுடன் பார்த்தவன் என்ற முறையிலும், அதன்பின் அதே பழுது வேறு கிளப்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தவன் என்ற முறையிலும் இந்த வழிமுறையைத் தொகுத்திருக்கிறேன்.

பயிற்சியாளரை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் செலவு மிகுந்த பழுதுநீக்கம். ஒப்பந்தத்தில் மீதமுள்ள சம்பளம், அவருடைய உதவியாளர்களுக்கான இழப்பீடு, புதியவரின் ஆட்டமுறைக்கு ஏற்ற வீரர்களை வாங்கும் செலவு என்று அது நீண்டுகொண்டே போகும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிய காரணத்தில் தொடங்கிச் செலவான காரணத்தில் முடித்திருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த ஐந்து சீசன்களின் புள்ளிகள், வீரர்களின் ஒப்பந்தங்கள் முடியும் தேதிகள், காயப் பட்டியல் ஆகிய மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியலில் பிடித்த இடம் ஏமாற்றும். ஆர்சனல் 2015-16 சீசனில் 71 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்த சீசனில் 75 புள்ளிகள் எடுத்தும் ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, ஐரோப்பாவின் முன்னணி கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்கான வாய்ப்பை இழந்தது. இடத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு முதலாவது முன்னேற்றமாகவும் இரண்டாவது வீழ்ச்சியாகவும் தெரிந்தது. 2013-14 முதல் 2017-18 வரையிலான புள்ளிகளை வரிசையாக எழுதினால் 79, 75, 71, 75, 63 என்று வரும். மெல்லத் தேய்ந்துவந்த அணி கடைசியில் முறிந்ததை இந்த ஐந்து எண்களே காட்டிவிடும்.

அறிகுறி 1: நன்றாக ஆடிய அணி ஒரே சீசனில் திடீரென்று சரிகிறது

அதிகக் கூச்சல் எழுவது இந்த அறிகுறிக்குத்தான். ஆனால் பயிற்சியாளர் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருப்பதும் இதில்தான்.

முதலில் காயப் பட்டியலைப் பாருங்கள். தொடர்ந்து ஆடும் பதினொருவரில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வெளியே இருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு அவர்கள் திரும்பும்வரை காத்திருக்கலாம். காயம் காரணமில்லை என்றால், அணி உருவாக்கும் கோல் வாய்ப்புகளையும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் வாய்ப்புகளையும் எண்ணுங்கள். வாய்ப்புகள் முன்போலவே உருவாகி, பந்து மட்டும் வலைக்குள் போகவில்லை என்றால், அது பெரும்பாலும் காலம் சரிசெய்துவிடும் கோளாறு.

ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட் கிளப்பின் 2014-15 சீசனை இதற்குப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டத்தை வென்று, 2013இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை சென்ற யுர்கன் கிளாப்பின் அணி, குளிர்கால இடைவேளையின்போது 17 ஆட்டங்களில் 15 புள்ளிகளுடன், 18 அணிகளில் 17ஆம் இடத்தில் கிடந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் சொந்த அரங்கில் ஆக்ஸ்பர்க்கிடம் தோற்றுக் கடைசி இடத்திலேயே கிடந்த இரவில், கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் கேப்டன் ஹும்மெல்ஸும் தெற்குப் பகுதிக் கம்பிவேலியின் மீதேறி, கொதித்துப்போயிருந்த ரசிகர்களிடம் முகத்துக்கு நேராகப் பேசினார்கள். நிர்வாகம் கிளாப்பை நீக்கவில்லை. சீசனின் இரண்டாம் பாதியில் அதே அணி 31 புள்ளிகள் எடுத்து ஏழாம் இடத்தில் முடித்தது. அந்தச் சீசனின் முடிவில் கிளாப் விலகியது அவரே எடுத்து, ஏப்ரலிலேயே அறிவித்த முடிவு.

மூன்றாவது காரணம், போன வீரருக்கு ஈடானவர் வராதது. டார்ட்மண்டிலிருந்து 2013இல் கோட்ஸேயும் 2014இல் லெவண்டோவ்ஸ்கியும் பயர்ன் மியூனிக்குக்குப் போனார்கள். அப்படிப்பட்ட ஓட்டையைப் பயிற்சிக்களத்தில் அடைக்க முடியாது.

இவை மூன்றும் இல்லையென்றால், பயிற்சியாளர் எதையாவது மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். அலெக்ஸ் ஃபெர்குசனின் மான்செஸ்டர் யுனைடெட் 2003க்குப் பின் லீக் பட்டம் இல்லாமல் தவித்து, 2005 டிசம்பரில் சாம்பியன்ஸ் லீக்கின் பிரிவுச் சுற்றில் தன் பிரிவின் கடைசி இடம் பிடித்து வெளியேறியது. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அதற்கு முந்தைய மாதமே கேப்டன் ராய் கீனை அவர் அனுப்பியிருந்தார். 2006 ஜனவரியில் விடிச், எவ்ரா என்ற தற்காப்பு வீரர்களைச் சேர்த்தார். அணி அவர் கையில் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. 2007, 2008, 2009 என மூன்று லீக் பட்டங்கள் தொடர்ந்து வந்தன.

*மாற்றுகிறார் என்றால்* அடுத்த சீசனின் பாதிவரை விட்டுவிடுங்கள். இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டாலும் இது பொருந்தும்: ஜெர்மனியின் ஃப்ரைபர்க் கிளப் 2015இல் தரமிறங்கியும் பயிற்சியாளர் கிறிஸ்டியான் ஷ்ட்ரைக்கை வைத்துக்கொண்டது, அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவின் முதலிடத்துடன் மேலேறியது, 2022இல் அவருடன் ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடியது. *எதையும் மாற்றவில்லை என்றால்* அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 2: தோல்விகள் குறைவுதான், ஆனால் ஆண்டுதோறும் ஒரே மாதிரியாகத் தோற்கிறது

நிர்வாகங்கள் மிகத் தாமதமாகக் கண்டுகொள்வது இந்த அறிகுறியைத்தான். புள்ளிப்பட்டியல் மோசமாக இல்லாததால் அவசரம் தெரிவதில்லை.

சோதனை எளிது. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் அணி தோற்ற பெரிய ஆட்டங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கோல் எப்படி விழுந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதுபவர் பயிற்சியாளர் குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும். அந்த வரிகள் ஒன்றுபோல் இருந்தால் பழுது அணியின் கட்டமைப்பில் இருக்கிறது.

ஆர்சனலுக்கு அந்தத் தாள் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். 2011 முதல் 2017 வரை ஏழு சீசன்கள் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி 16 அணிகள் சுற்றிலேயே வெளியேறியது. அந்தச் சுற்றில் ஒரே எதிரணியுடன் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். அவற்றில் 2012 முதல் 2017 வரை ஆறு முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றது: மிலானில் 0-4, சொந்த அரங்கில் பயர்னிடம் 1-3, மறுபடியும் பயர்னிடம் 0-2, மொனாகோவிடம் 1-3, பார்சிலோனாவிடம் 0-2, மியூனிக்கில் 1-5. எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, இரண்டாம் ஆட்டத்தில் மூன்று முறை அழகாக வென்றது.

இவற்றில் மொனாகோ ஆட்டத்தை நெருங்கிப் பார்த்தால் முழுப் பழுதும் நான்கு நிமிடங்களுக்குள் தெரியும். 2015 பிப்ரவரி 25, ஆர்சனலின் சொந்த எமிரேட்ஸ் அரங்கு. 0-2 என்று பின்தங்கியிருந்த ஆர்சனலுக்கு, 90 நிமிடம் கடந்தபின் ஆக்ஸ்லேட்-சேம்பர்லைன் ஒரு கோல் அடிக்கிறார். 1-2 என்பது மறு ஆட்டத்தில் மீட்டுவிடக்கூடிய நிலை. நின்று காத்தால் போதும். ஆனால் சமன் செய்துவிடும் ஆவலில் அணி முழுவதும் முன்னே ஓடுகிறது. பின்புறம் திறந்து கிடக்கிறது. மொனாகோ ஒரே எதிர்த்தாக்குதலில் பாய்ந்துவர, ஃபெரெய்ரா கராஸ்கோ மூன்றாவது கோலை அடிக்கிறார். மறு ஆட்டத்தில் மொனாகோவை அதன் மண்ணில் 2-0 என்று வென்றும், மொத்தக் கோல்கள் 3-3 என்று சமமானதால், எதிரணி அரங்கில் அதிகக் கோல் அடித்த அணியே முன்னேறும் என்ற அப்போதைய விதிப்படி ஆர்சனல் வெளியேறியது. அந்தக் கடைசி கோல் விழாமல் இருந்திருந்தால் அது அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும். முன்னே போய்விட்டுப் பின்னே காவல் இல்லாமல் நிற்கும் இந்தக் குறையை நான் அதற்கு முன்பும் பலமுறை பார்த்திருந்தேன், பின்பும் பார்த்தேன்.

இந்த அறிகுறிக்கான காரணங்களை இப்படிச் சோதியுங்கள்.

முதலாவது, தற்காப்புப் பயிற்சி. புதிய உதவியாளர் ஒருவரை நியமித்து, அவருக்கு உண்மையான அதிகாரம் கொடுத்துப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. தலைமைப் பயிற்சியாளர் அந்த அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தால், அந்த மறுப்பையே சோதனையின் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆட்ட அமைப்பு. இங்கே ஏமாந்துவிடக் கூடாது. 2017 ஏப்ரலில் வெங்கர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் மூன்று தற்காப்பு வீரர்களைக் கொண்ட அமைப்புக்கு மாறினார். அதன்பின் அணி ஓர் ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வென்றது. மே 27 அன்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியை வீழ்த்தியது. நான்கு நாள் கழித்து அவருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில், அதே மூவர் அமைப்புடன் லிவர்பூலிடம் 0-4 என்று தோற்றபோது பழைய குறை அப்படியே வெளியே வந்தது. புதிய அமைப்பு பழுதை மறைத்திருந்ததே தவிர நீக்கவில்லை. எனவே அமைப்பு மாற்றத்துக்குப் பின் குறைந்தது ஒரு முழு அரைச் சீசனாவது பாருங்கள். கோப்பை வென்ற வாரத்தில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

மூன்றாவது, வீரர் தேர்வு. இதை ஆராயாமல் எல்லாவற்றையும் பயிற்சியாளர் தலையில் சுமத்துவது நியாயமல்ல, பயனும் தராது. 2015 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியை அதன் அரங்கில் வென்ற ஆர்சனல், லீக்கில் அடுத்ததாக, ‘பெரிய ஆறு’ எனப்படும் முன்னணி ஆறு கிளப்களில் ஒன்றை அதன் அரங்கில் வென்றது 2020 நவம்பரில்தான். அதற்குள் வெங்கர் போய், உனாய் எமெரி வந்து போய், மிகேல் ஆர்டெட்டாவும் வந்துவிட்டார். வெங்கர் போனபின்னும் இரண்டரை ஆண்டுகள் அந்தக் குறை நீடித்தது என்றால், அதில் ஒரு பகுதி வீரர்களைத் தேர்ந்தெடுத்த முறையிலும் இருந்தது என்றே பொருள். அந்தத் தேர்விலும் வெங்கரின் சொல்லே பல ஆண்டுகள் இறுதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உதவியாளர் மாறி, அமைப்பு மாறி, வீரர்களும் மாறிய பின்னும் அதே வரியைத்தான் தாளில் எழுத வேண்டியிருக்கிறது என்றால், மாறாமல் இருப்பவர் ஒருவர்தான். மரியாதையுடன் விடைகொடுக்கும் நேரம் அதுவே. என் கணிப்பில் ஆர்சனலுக்கு அந்த நேரம் 2017 மே மாதம், ஓராண்டு தள்ளிப்போயிற்று.

அறிகுறி 3: முக்கிய வீரர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் காலம் கடத்துகிறார்கள்

முதல் கேள்வி, முகம் சுளிப்பவர்கள் யார் என்பது. ஆட வாய்ப்புக் கிடைக்காதவர்கள் மட்டும் என்றால் அது எந்த அணியிலும் உள்ள இயல்பு, விட்டுவிடலாம். தொடர்ந்து ஆடுபவர்களும் கேப்டனும் அப்படி என்றால் மேலே செல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, ஒப்பந்தம் பேசுவது யாருடைய வேலை என்பது. பெரும்பாலும் அது நிர்வாகத்தின் வேலை. ஆர்சனலின் சான்செஸும் ஓசிலும் 2018 கோடையோடு முடியும் ஒப்பந்தங்களுடன் கடைசி ஆண்டுக்குள் நுழைந்தது நிர்வாகம் முன்கூட்டியே செயல்படாததன் விளைவு. லண்டனின் இன்னொரு கிளப்பான டாட்டன்ஹாமில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். மவுரிசியோ போச்செட்டினோவின் அணிக்கு 2018 கோடையிலும் அடுத்த ஜனவரியிலும் ஒரு வீரர்கூட வாங்கப்படவில்லை. எரிக்சன், ஆல்டர்வைரெல்ட், வெர்டாங்கன் ஆகிய மூவரின் ஒப்பந்தங்களும் 2020 கோடையில் முடிய இருந்தன. அதே அணி 2019 ஜூனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடியது. அக்டோபரில் சொந்த அரங்கில் பயர்னிடம் 2-7 என்று தோற்றது. நவம்பர் 19 அன்று, லீக்கில் 14ஆம் இடத்தில் இருந்தபோது, போச்செட்டினோ நீக்கப்பட்டார். மறுநாளே ஜோசே மொரின்யோ வந்தார். 2021 ஏப்ரலில், கோப்பை எதுவும் இல்லாமல், அவரும் நீக்கப்பட்டார். அணியைப் புதுப்பிக்க வேண்டும் என்று போச்செட்டினோ வெளிப்படையாகவே சொல்லிவந்தார். நீக்கப்பட்டவர் பழுதைச் சுட்டிக்காட்டியவர் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இரண்டு கேள்விகளிலும் நிர்வாகத்தின் பக்கம் தவறு இல்லை என்று உறுதியானால் மட்டுமே மூன்றாவதற்கு வாருங்கள்: பயிற்சி சலித்துவிட்டதா? ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கிருக்கும் ஒரு வீரரிடமும், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமும், தனித்தனியாக, செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். "பயிற்சியாளர் எப்படி இருக்கிறார்" என்று கேட்டால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். என்ன பயிற்சி நடக்கிறது என்று கேட்டால் உண்மை வரும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததே அதே வரிசையில் நடக்கிறது என்றால் உதவியாளர் குழுவைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் சீசன் முடிவில் பிரிவதே நல்லது.

அறிகுறி 4: பெரும் வெற்றி கிடைத்தபின் அணி உறைந்துவிடுகிறது

இது தேசிய அணிகளில் அதிகம். யோவாகிம் லோவ் 2006இல் பொறுப்பேற்று, 2014இல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். 2018 உலகக் கோப்பைக்கு முந்தைய மாதம், மே மாதத்தில், அவருடைய ஒப்பந்தம் 2022 வரை நீட்டிக்கப்பட்டது. ஜூனில் மெக்சிகோவிடமும் தென்கொரியாவிடமும் தோற்று, ஜெர்மனி பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியது. ஒப்பந்தம் கையில் இருந்ததால், அவருக்கு விடைகொடுப்பது பற்றிய பேச்சே கடினமாகிப்போனது.

இந்த அறிகுறியில் சோதிக்க வேண்டியது, வென்ற வீரர்கள் மீதான பற்றா அல்லது புதிய திட்டமா என்பதைத்தான். 2019 மார்ச்சில் முல்லர், ஹும்மெல்ஸ், போவாடெங் ஆகிய மூவரையும் லோவ் ஒரேயடியாக விலக்கினார். துணிச்சலான மாற்றம்போல் தோன்றியது. ஆனால் 2020 நவம்பரில் செவில்லியாவில் ஸ்பெயினிடம் 0-6 என்று தோற்றபோது, கோல்கள் அடுத்தடுத்து விழ, அவர் இருக்கையில் ஏறக்குறைய அசையாமல் அமர்ந்திருந்தார். 2021இல் நடந்த யூரோ எனும் ஐரோப்பிய தேசிய அணிகளின் போட்டிக்கு முல்லரும் ஹும்மெல்ஸும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்; அணி கடைசி 16இல் இங்கிலாந்திடம் தோற்றது. அனுப்பியவர்களையே பயிற்சியாளர் திரும்ப அழைக்கிறார் என்றால் அவரிடம் அடுத்த திட்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தேசிய அணியில் சரிபார்ப்புக்கான ஆட்டங்கள் குறைவு என்பதால், பெரிய போட்டிக்கு முன் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் இருப்பதே முக்கியமான தற்காப்பு.

அறிகுறி 5: பதாகைகளும் காலி இருக்கைகளும்

பதாகையைக் கண்டு முடிவெடுக்காதீர்கள். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் ஆட்டத்தின்போது வெங்கர் போக வேண்டும் என்று ஒரு விமானமும், இருக்க வேண்டும் என்று மற்றொரு விமானமும் வானில் பதாகை இழுத்துச் சென்றன. கோபப்படுபவர்கள் இன்னும் அணியுடன் இருப்பவர்கள். அஞ்ச வேண்டியது வராமல் போனவர்களை நினைத்து. 2018 மார்ச் 1 அன்று, கடும் பனிப்பொழிவுக்கிடையே மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில், 33 நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் விழுந்தபோது, கேமரா திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பு இருக்கைகள் வரிசை வரிசையாக வெறுமையாகத் தெரிந்தன. பனி ஒரு காரணம்தான். பனி இல்லாத ஆட்டங்களிலும் விற்ற டிக்கெட்டுகளுக்கும் உள்ளே வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வாயிற்கணக்கில் பாருங்கள். ஒரு முழுச் சீசன் அது கூடிக்கொண்டே போனால் மேலே உள்ள அறிகுறி 2க்குத் திரும்பிச் சென்று அந்தத் தாளை எழுதுங்கள்.

அறிகுறி 6: "அவர் போனால் யார்?" என்ற கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை

இதை நான் தனிப் பழுதாகவே கருதுகிறேன், அணி வென்றுகொண்டிருந்தாலும். வீரர் தேர்வு, சம்பளம், மருத்துவக் குழு, இளையோர் அணி என எல்லாமே ஒருவர் தலைக்குள் இருந்தால், அவர் போகும் நாளில் கிளப்பின் நினைவும் கூடவே போய்விடும். ஃபெர்குசன் 2013இல் 13ஆவது லீக் பட்டத்துடன் ஓய்வுபெற்றபோது, தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். ஆறு ஆண்டு ஒப்பந்தத்துடன் வந்த டேவிட் மோயஸ் பத்து மாதம்கூட முடியுமுன் நீக்கப்பட்டார்.

இதற்கு எதிரான முன்மாதிரி லிவர்பூல். கிளாப் 2024 ஜனவரியிலேயே தாம் விலகுவதை அறிவித்தார். நிர்வாகம் புதிய விளையாட்டு இயக்குநரை அமர்த்தி, அடுத்த பயிற்சியாளராக ஆர்னே ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்தது. உடனே களமிறங்கிய புதிய வீரராகக் கியேசா ஒருவரை மட்டுமே சேர்த்துக்கொண்டு, முதல் சீசனிலேயே ஸ்லாட் லீக் பட்டத்தை வென்றார்.

சரிசெய்யும் முறை: பயிற்சியாளர் நன்றாக இருக்கும்போதே விளையாட்டு இயக்குநர் ஒருவரை நியமித்து, வீரர் தேர்வைப் படிப்படியாக அவரிடம் மாற்றுங்கள். குறைந்தது இரண்டு சீசன் பிடிக்கும். ஆர்சனல் 2017இன் இறுதியில்தான் இதற்கான ஆட்களைக் கொண்டுவந்தது; சில மாதங்களில் வெங்கர் போய்விட்டார்.

எப்போது வெளியாரை அழைக்க வேண்டும்

அறிகுறி 2இல் தாள் எழுதும் கட்டத்திலேயே வெளியிலிருந்து ஒரு பகுப்பாய்வாளரை அழைத்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களால் நேசத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுத முடியாது. பிரிவது என்று முடிவானால், பயிற்சியாளரிடம் பேசுவதற்கு முன்பே ஒப்பந்த வழக்கறிஞரை அழையுங்கள். மீதத் தொகை மட்டுமல்ல, உதவியாளர்களின் ஒப்பந்தங்களும் தலைமைப் பயிற்சியாளருடையதோடு சேர்ந்து முடிகின்றனவா என்பது பலமுறை கவனிக்காமல் விடப்படுகிறது.

சீசன் நடுவில் பிரிவதைத் தரமிறங்கும் ஆபத்து இருக்கும்போதும், பயிற்சியாளரும் கேப்டனும் பேசிக்கொள்வதே நின்றுவிட்ட நிலையிலும் மட்டும் செய்யுங்கள். மற்ற எல்லா நிலையிலும் சீசன் முடிய நான்கைந்து வாரம் இருக்கும்போது, அவருடைய ஒப்புதலுடன், அவர் வாயாலேயே அறிவிக்க விடுங்கள். ஆர்சனலில் அது 2018 ஏப்ரல் 20 அன்று நடந்தது. மே 6 அன்று பர்ன்லிக்கு எதிரான கடைசி உள்ளூர் ஆட்டத்தில், பிரெஞ்சு மொழியில் ஆர்செனுக்கு நன்றி சொல்லும் சிவப்புச் சட்டை ஒவ்வோர் இருக்கையிலும் வைக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் வெறுமையாகக் கிடந்த அந்த இருக்கைகளில் மக்கள் அந்தச் சட்டைகளை அணிந்து அமர்ந்திருந்தார்கள். 22 ஆண்டுகால மனிதர் களத்துக்குள் நடந்துவர இரண்டு அணி வீரர்களும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஆர்சனல் 5-0 என்று வென்றது.